நெகட்டிவும் எழுதுகோலும்: கண்டிப் புகைப்பட வரலாற்றில் ஓர் ஆராய்ச்சி

தோற்றுவாய்

கண்டி மாநகருக்குக் கிழக்கே, மகாவலி கங்கை வளைந்து செல்லும் நிலப்பரப்பில் அமைந்துள்ளது குண்டசாலை. கண்டியை ஆண்ட சிங்கள மன்னருள் இறுதியானவனாகிய ஸ்ரீ வீர நரேந்திரசிங்கன் (1707 - 1739) இவ்வூரிலே மாளிகை அமைத்து வாழ்ந்தான். அதனாற் குண்டசாலை மன்னன் என்றே அவன் பெயர் பெற்றான். மதுரையிலிருந்து பெண்கொண்ட அவனுக்குப் பின் அவன் தேவியின் உடன்பிறந்தான் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்னும் பெயருடன் 1739ஆம் ஆண்டில் அரசுகட்டில் ஏறினான். கண்டியில் நாயக்கர் ஆட்சி அவ்வாறு தொடங்கிற்று. நரேந்திரசிங்கனின் மாளிகை இன்றில்லை. அதன் தோற்றத்தைக் கண்ணாற் காண்பதற்கு ஒரு படமும் இல்லை. எனினும் அஃது இருந்தது என்பதையும், எவன் கட்டினான் என்பதையும் ஏடுகள் கூறுகின்றன.

குண்டசாலைக்கு அணித்தாகத் தெகல்தொருவை என்னும் குகைக் கோயில் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனின் காலத்தில் தொடங்கப்பெற்ற இக்கோயிலின் சுவர்களிலே வெசந்தர சாதகக் கதை செந்நிறத் தரையில் வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டுள்ளது. தீட்டியவர்களுள் தேவரகம்பொல சில்வத்தென்ன என்பாரின் பெயர் இன்றும் வழங்குகின்றது. ஈண்டுப் படமும் உண்டு, பெயரும் உண்டு.

மாளிகைக்குப் பெயர் உண்டு, படமில்லை. கோயிலுக்கு இரண்டும் உண்டு. மூன்றாவது வகையொன்றும் நம்மிடையே மலிந்துள்ளது. படம் தெளிவாக இருக்கும். அதில் நிற்பவர் யாரென்பதை அறியமுடியாது. அதுவே புகைப்படம். நம் வீட்டுப் பெட்டிகளிலும், மூடப்பட்ட புகைப்பட நிலையங்களின் அலுமாரிகளிலும் கிடக்கும் நெகட்டிவுகளுட் பெரும்பாலானவை இவ்வகையின. ஒருவர் முகத்தை அச்சொட்டாகக் காட்டும் பொருள் அவர் பெயரை மட்டும் இழந்து நிற்பது எவ்வாறு நேர்ந்தது? நெகட்டிவில் எழுதுவதற்கு மனிதர் எடுத்த கருவிகளின் வரலாற்றை ஆராயின் இவ்வினாவிற்கு ஒருவாறு விடை கிடைக்கும். அவ்விடையை நாடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓலையும் எழுத்தாணியும்

கண்டிச் சீமையார் புகைப்படம் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே, மை ஏலாத வழுவழுப்பான பரப்பின்மீது எழுதும் கலையில் வல்லவராயிருந்தனர். அப்பரப்பு ஓலை. தாளிப்பனையின் இளங்குருத்தை வேகவைத்து உலர்த்தி உருட்டி மெருகேற்றிய ஏட்டின்மேல் மை தொட்டு எழுதினால் அது திரண்டு ஓடிவிடும். எனவே எழுத்தாணியால் முதலிற் கீறினர். பின்னர் கரித்தூளை மரப்பிசினிலிருந்து எடுத்த எண்ணெயிற் குழைத்து ஏடெங்கும் பூசித் துடைத்தனர். கீறலுள் மட்டும் கரி தங்கிற்று, எழுத்துத் துலங்கிற்று. தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் விளக்குக்கரியையும் இலைச்சாற்றையும் கலந்து இதனையே செய்தனர்.

இம்முறையில் இரண்டு உண்மைகள் அடங்கியுள்ளன. ஒன்று, எழுத்துப் பரப்பின்மேல் ஒட்டிக்கொண்டு நில்லாமற் பரப்பினுள் இடம்பெற்றது. மற்றொன்று, எழுத்தின் கருமை கரியினால் ஆயது. கரி ஒளியால் வெளிறுவதில்லை, ஈரத்தாற் கரைவதில்லை, காற்றோடு கூடி வேறொரு பொருளாக மாறுவதுமில்லை. இருநூறு முந்நூறு ஆண்டு பழமையான ஏடுகளை இன்றும் படிக்கக் கூடியதாயிருப்பதற்கு இதுவே காரணம். ஏட்டைக் கறையான் அரிக்கலாம். எழுத்தைக் காலம் அரிப்பதில்லை.

மேலைநாட்டார் தாளில் எழுதப் பயன்படுத்திய மை இதற்கு வேறானது. மாசிக்காயின் துவர்ப்பும் அன்னபேதியும் சேர்ந்து உருவாகும் அம்மை, எழுதும்போது வெளிறியிருந்து பின் கறுக்கும். அதிலுள்ள அமிலம் ஆண்டுகள் செல்லச் செல்லத் தாளையே தின்றுவிடும். ஆட்சி ஆவணங்கள் பலவற்றில் எழுத்து இருந்த இடம் துளையாகிப் போனமை இதனாலேயே. காலனித்துவ அலுவலகங்களோடு அம்மையும் நம் நாட்டுக்கு வந்தது. எழுத்தாணியைக் கைவிட்ட தலைமுறை, கரியையும் அதனோடு கைவிட்டது.

கண்ணாடித் தட்டுகளின் காலம்

புகைப்படக்கலை 1839ஆம் ஆண்டில் உலகறிய வெளிப்பட்டது. 1851இல் பிரடெரிக் ஸ்கொட் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் கொலோடியன் முறையை வெளியிட்டார். கண்ணாடித் தட்டொன்றிற் கொலோடியன் என்னும் பசைப்பொருளைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலிலே தோய்த்து, ஈரம் உலர்வதற்குள் படம்பிடித்துக் கழுவி முடித்தல் வேண்டும். கழுவிய தட்டின்மேல் வார்னிசு பூசிக் காப்பர். இவ்வாறு கிடைத்த கண்ணாடி நெகட்டிவிலிருந்து எத்தனை படிகளும் எடுக்கலாம் என்பதாற் படம் விலைபொருளாயிற்று. விலைபொருளானமையால் அதற்கு இலக்கமும் தலைப்பும் இன்றியமையாதன ஆயின.

கண்டி இத்தொழிலுக்கு ஏற்ற நகரமாயிருந்தது. கோப்பிப் பயிரும், பின்னர் தேயிலைப் பயிரும் கொணர்ந்த தோட்டத்துரைமாரும், தலதா மாளிகையையும் பேராதனைப் பூந்தோட்டத்தையும் காணவந்த பயணிகளும் படம் வாங்குவோராயினர். 1860களின் பிற்பகுதியில் ஜோசப் லோட்டன் என்பவர் கண்டியில் தொழில் நடத்தினார். அநுராதபுரம், மிகிந்தலை, பொலன்னறுவை, சிகிரியா ஆகிய இடங்களின் தொல்பொருட் சின்னங்களை 1870, 1871ஆம் ஆண்டுகளில் அரசின் பொருட்டுப் படம்பிடித்தவர் அவரே. அவருக்குப் பின் 1870களில் சார்லஸ் ஸ்கோவன் கண்டியில் நிலையம் தொடங்கிப் பின்பு கொழும்பிலும் விரித்தார். 1860களிலே கொழும்பில் வேரூன்றிய ஸ்கீன் நிறுவனம் 1890களிற் கண்டியில் ஒரு கிளையை நடத்திற்று. 1890இல் தொடங்கப்பெற்ற பிளாட்டே நிறுவனம் அஞ்சலட்டைகளால் இலங்கையின் காட்சிகளை உலகெங்கும் பரப்பியது.

இந்நிறுவனங்களின் படங்களிற் கீழ்மூலையைக் கூர்ந்து நோக்கின், வெண்ணிறச் சிற்றெழுத்தில் ஓர் இலக்கமோ, ஒரு தலைப்போ, நிறுவனத்தின் பெயரோ இருத்தலைக் காணலாம். அவ்வெழுத்துத் தாளில் எழுதப்பட்டதன்று, நெகட்டிவில் எழுதப்பட்டது. நெகட்டிவிற் கரிய மையால் எழுதிய இடத்தில் ஒளி ஊடுருவாது. ஆதலின் படியில் அவ்விடம் வெண்மையாகும். அதற்கு மாறாக, ஊசிமுனையாற் படலத்தைக் கீறினால் அவ்விடம் ஒளியை முற்றும் விடும். படியிற் கறுப்பெழுத்துத் தோன்றும். வெளிறிய வானத்தின்மீது எழுதுவோர் கீறினர். இருண்ட புல்தரைமீது எழுதுவோர் மை தொட்டனர்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. படியெடுக்கும்போது நெகட்டிவின் படலப்பக்கம் தாளோடு பொருந்தியிருத்தல் வேண்டும். ஆகவே படலப்பக்கத்தில் எழுதுபவர் கண்ணாடியில் தோன்றும் நிழல்போல் இடவலம் மாற்றி எழுதவேண்டும். எதிர்ப்பக்கமாகிய வெறுங் கண்ணாடியில் நேராக எழுதலாம். ஆயின் கண்ணாடியின் தடிப்பினால் எழுத்துப் படியில் மங்கும். எனவே தேர்ந்த தொழிலாளர் தலைகீழ் எழுத்தைப் பயின்றனர். அச்சுக்கோப்போர் ஈயவெழுத்தை மாற்றிப் படிக்கப் பழகியதைப் போன்றதே இது.

அவர்கள் கைக்கொண்ட மை பெரும்பாலும் இந்திய மை எனப்படும் கரிமையே. விளக்குக்கரியை அரக்கு முதலிய பிசினோடு சேர்த்துச் செய்வது அது. உலர்ந்தபின் நீரிற் கரையாது. கரியும் பிசினும் கூடிய இப்பொருள் கண்டிச் சீமைக்குப் புதியதன்று. ஏட்டெழுத்தின் கருமையும் அதே வகையினது. குண்டசாலைப் பகுதியைச் சேர்ந்த ஹுரிகடுவையில் அரக்கு வேலை செய்வோர் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட பிசினும் அதனைச் சார்ந்ததே. கைவிடப்பட்டதாக நாம் கூறிய கரி, புகைப்பட நிலையத்தின் இருட்டறையுள் மீண்டும் இடம்பெற்றது. நூறாண்டு கடந்த அப்படங்களின் எழுத்துக்கள் இன்றும் தெளிவாயிருப்பதற்கு அம்மையே காரணம் என்க.

எழுதியதும் எழுதாததும்

இத்துணை உறுதியான மையினால் அவர்கள் எழுதியது யாது? நிறுவனத்தின் பெயரை எழுதினர். விற்பனை இலக்கத்தை எழுதினர். மலையின் பெயர், ஆற்றின் பெயர், கோயிலின் பெயர், மரத்தின் பெயர் ஆகியவற்றை எழுதினர். மனிதர் படமாயின் பெரும்பாலும் இனத்தின் பெயரையோ தொழிலின் பெயரையோ எழுதினர். தமிழ்ப் பெண், தேயிலை கொய்வோர், கண்டித் தலைவர் என்பன போன்ற தலைப்புக்களையே அஞ்சலட்டைகளிற் காண்கின்றோம். 1867ஆம் ஆண்டிற் கண்டிக்குத் தெற்கே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலைப் பயிரைத் தொடங்கியபின், அப்பயிரைத் தம் கையாற் போற்றி வளர்த்த தமிழ் மக்களின் முகங்கள் ஆயிரக்கணக்கான படிகளாகக் கடல் கடந்தன. அம்முகங்களுக்கு உரியோரின் பெயர்களோ நெகட்டிவில் எழுதப்பெறவில்லை.

இது வணிகர் மட்டும் செய்த பிழை எனல் பொருந்தாது. ஆங்கில நாட்டின் பெரும் புகைப்படக் கலைஞருள் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமெரன் 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே மறைந்தார். டெனிசன், ஹேர்ஷெல் முதலிய பேரறிஞரை அவர் தம் நாட்டிற் படம்பிடித்தபோது படம் அவர்தம் பெயராலேயே வழங்கிற்று. இலங்கையில் அவர் பிடித்த தொழிலாளர் படங்களிலோ, களுத்துறைக் குடியானவர் கூட்டம் என்பது போன்ற பொதுப்பெயரே நின்றது. கலைஞர் ஒருவரே, கமராவும் ஒன்றே, எழுதுகோல் மட்டும் ஓரிடத்திற் பெயரெழுதிற்று, மற்றோரிடத்தில் எழுதாது விட்டது.

இவ்வழக்கிற்கு மாறான எடுத்துக்காட்டொன்று கண்டியிலேயே உண்டென்பது நமக்குப் பெருமை தருவதாகும். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் பணிப்பாளராயிருந்தார். பாறைகளை ஆராய ஊர் ஊராகச் சென்ற அவர் கண்டிச் சீமைக் கைவினைஞரின் தொழிலைக் கண்டு வியந்து, அதனை முறையாகப் பதிவுசெய்யத் தொடங்கினார். அவர் துணைவியார் எதெல் அம்மையார் கமராவை ஏந்தினார். அம்முயற்சியின் பயனே, 1907, 1908ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்திற் கையச்சில் 425 படிகளாக அச்சிடப்பெற்ற இடைக்காலச் சிங்களக் கலை என்னும் பெருநூல். அதன் படங்களோடு பொருள் யாது, எவ்வூரது, எவ்வாறு செய்யப்பட்டது என்னும் விளக்கங்கள் இணைந்துள்ளன. தெகல்தொருவை ஓவியங்களும் அந்நூலில் இடம்பெற்றுள்ளன. அழகிய படம் என்ற அளவில் நில்லாமல் அந்நூல் வரலாற்றுச் சான்றாக மதிக்கப்படுவது, படத்தோடு எழுத்தும் பிரியாது நிற்பதனாலேயே ஆகும்.

கமராவினுள் ஓர் எழுத்தாணி

1871இல் ரிச்சர்ட் லீச் மடொக்ஸ் ஜெலட்டின் படலத்தை வெளியிட்டபின் ஈரத்தட்டின் தொல்லை நீங்கிற்று. 1889ஆம் ஆண்டு முதல் ஜோர்ஜ் ஈஸ்ட்மன் ஒளிபுகும் செலுலோயிட் சுருளை விற்பனைக்கு விட்டார். கமரா தொழிலாளர் கையிலிருந்து குடும்பத்தார் கைக்கு மாறிற்று. இம்மாற்றத்தோடு ஒரு புதிய இடரும் தோன்றியது. ஒரு சுருளில் ஆறோ எட்டோ படம் பிடித்து, வாரங்கள் கழித்துக் கழுவக் கொடுக்கும் ஒருவர், எப்படம் எங்கே எடுத்தது என்பதை நினைவில் வைத்திருப்பதெவ்வாறு?

இதற்கு விடை கண்டவர் ஹென்றி கெய்ஸ்மன் என்னும் அமெரிக்கர். 1914ஆம் ஆண்டில் ஈஸ்ட்மன் அவருடைய காப்புரிமையை மூன்று இலட்சம் டொலருக்கு வாங்கினார். அவ்வாண்டே ஓட்டோகிராபிக் என்னும் பெயருடன் கொடாக் கமராக்கள் வெளிவந்தன. கமராவின் பின்புறத்தில் ஒரு சிறு கதவு. பக்கத்தில் ஓர் உலோக எழுத்தாணி. படம் எடுத்தபின் கதவைத் திறந்து, சுருளின் காப்புத்தாள்மீது எழுத்தாணியால் அழுத்தி எழுதவேண்டும். தாளுக்கும் சுருளுக்கும் இடையேயுள்ள மெல்லிய கரித்தாளில் அழுத்தப்பட்ட இடம் ஒளியை விடும். சில விநாடிகள் வானத்தை நோக்கிக் காட்டியபின் கதவை மூடினால், கழுவும்போது இரு படங்களின் இடையே அவ்வெழுத்துத் தோன்றும். மை வேண்டியதில்லை, உலரவேண்டியதில்லை, படத்தை ஆக்கிய அதே வெள்ளியே எழுத்தையும் ஆக்கிற்று. ஆகவே படம் உள்ளவரை எழுத்தும் உளது.

ஓலையில் எழுதியோர் கண்ட கீறலும் கரியும் இங்கே வேறுருவில் மீண்டமை கருதத்தக்கது. எனினும் இம்முறை நிலைக்கவில்லை. எழுதுவதற்கு நின்று நிதானிக்கும் பொறுமை பலர்க்கு இருந்ததில்லை. 1930களின் தொடக்கத்தோடு அச்சுருள்கள் மறைந்தன. இதற்கிடையே 1925இல் வெளிவந்த லைக்கா, 35 மில்லிமீற்றர் சுருளில் 24க்கு 36 மில்லிமீற்றர் அளவான சிறு படங்களை எடுத்தது. படத்துக்கும் படத்துக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மில்லிமீற்றரே எஞ்சிற்று. இரு ஓரங்களையும் பற்சில்லுத் துளைகள் அடைத்தன. எழுதுவதற்கு இடமே இல்லாத நெகட்டிவ் அவ்வாறு வழக்கிற்கு வந்தது.

பேனாக்களின் குற்றங்குணங்கள்

பிலிம் நெகட்டிவிற்கு இரு பக்கங்கள் உண்டு. ஒருபக்கம் மங்கலான ஜெலட்டின் படலம். மறுபக்கம் பளபளப்பான அடித்தளம். ஜெலட்டின் நீரை உறிஞ்சி ஊதும். அடித்தளமோ நீரை ஏற்காது. எனவே ஒரு பேனாவை ஆராய்வோர் அதன் மையையும் அது படும் பக்கத்தையும் சேர்த்தே ஆராய்தல் வேண்டும்.

ஊற்றுப்பேனாவின் மை நீரிற் கரைந்த சாயம். படலப்பக்கத்தில் எழுதினால் ஜெலட்டின் அதனை உறிஞ்சிப் பரப்பும். சாயம் காலப்போக்கில் வெளிறும். அடித்தளத்தில் எழுதினால் மை திரண்டு துளியாகும். விரல் பட்டால் அழியும். குமிழ்முனைப் பேனா 1938இல் லாஸ்லோ பீரோ காப்புரிமை பெற்றதாய் 1940களின் நடுப்பகுதியிற் சந்தைக்கு வந்தது. அதன் நெய்ப்பசையுள்ள மை வழுவழுப்பான தளத்தில் ஒழுங்காகப் பிடிக்காது. பிடிக்கவேண்டி அழுத்தினால் மறுபக்கத்துப் படலத்தில் வடு விழும். உறையின்மேல் எழுதினாலும், உள்ளே நெகட்டிவ் இருப்பின் அவ்வடு முகத்தின் குறுக்கே கோடாகத் தோன்றும்.

1953ஆம் ஆண்டில் இருவேறு பேனாக்கள் வெளிவந்தன. ஒன்று சிட்னி ரோசென்தாலின் மார்க்கர். கண்ணாடியிலும் தகரத்திலும் எழுத வல்லது; விரைந்து உலர்வது. அதனால் நெகட்டிவுக்கும் உரியதெனப் பலர் மயங்கினர். அவ்வகை மார்க்கர் பலவற்றின் நிறம் சாயமே, ஒளியில் வெளிறும். கரைப்பானின் எச்சம் மூடிய உறையுள் தங்கி அண்டையிலுள்ள நெகட்டிவிற் கறையேற்றவும் கூடும். மற்றொன்று ஜெர்மனியின் ரோட்ரிங் நிறுவனம் வெளியிட்ட ரப்பிடோகிராப். வரைபடம் வரைவோர்க்கென ஆக்கிய இப்பேனாவின் குழாய்முனை மிக நுண்ணியது; அதில் ஊற்றுவது கரிமை. படத்தின் ஓரத்திலுள்ள ஒடுங்கிய இடத்தில் அழுத்தாமல் எழுதுவதற்கு இஃது ஏற்றதாயிற்று. 1982இல் ஜப்பானின் சகுரா நிறுவனம் நிறத்தூளை நுண்ணிதாக அரைத்து ஆக்கிய பிக்மா மையை வெளியிட்டது. அம்மையை அடைத்த மெல்லிய நார்முனைப் பேனாக்கள் இன்று எளிதிற் கிடைக்கின்றன. சாயம் கரையும் பொருள். நிறத்தூள் கரையாத பொருள். மையின் நெடுவாழ்வு பெரும்பாலும் இவ்வேறுபாட்டிலேயே தங்கியுள்ளது.

மையும் உறையும் படத்துக்குத் தீங்கு செய்யுமோ என்பதைச் சோதிக்க இக்காலத்தில் ஐ.எஸ்.ஓ. 18916 என்னும் அனைத்துலக நியமமும் உண்டு. வெப்பமும் ஈரமும் மிக்க அறையுள் மையையும் படப்பரப்பையும் சேர்த்துவைத்து, வெளிறலும் கறையும் நேர்கின்றனவா எனக் காண்பது அச்சோதனையின் சாரம். கண்டியின் மழைக்காலத்தில் மூடிய பெட்டியுட் கிடக்கும் நெகட்டிவுகள் அத்தகையதொரு சோதனையை ஆண்டுதோறும் அடைகின்றன. ஈரம் ஜெலட்டினிற் பூஞ்சணம் வளர்க்கும். அசிட்டேட் அடித்தளத்திலிருந்து புளிக்காடி மணம் எழச்செய்யும். ஈரமுள்ள நாட்டில் நீரிற் கரையும் மையை நம்புவது தகாது.

இலக்கமாகிப் போன முகங்கள்

இவ்வரலாறு நம் மக்களின் வாழ்வோடு எவ்வாறு தொடர்புடையது என்பதை இனிக் காண்போம். 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆந் தேதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களின் கதியை எண்ணிக்கையாற் பங்கிட்டது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் அது கூறிற்று. 1974இல் அவர்களும் 75,000 பேராகச் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். அதன்பின் மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் கண்டிக்கு வந்து இந்திய உதவி உயர்ஸ்தானிகர் அலுவலகத்தின் வாயிலிற் காத்துநின்றனர்.

கடவுச்சீட்டிற்கு முகப்படம் வேண்டும். தம் வாழ்நாளில் முதன்முறையாகக் கமராவின் முன் அமர்ந்தோர் அவர்களுட் பலர். புகைப்பட நிலையங்களில் நெகட்டிவின் ஓரத்தில் இலக்கத்தை எழுதி அல்லது கீறி வைப்பது பொது வழக்கம். பெயர் பதிவேட்டில் இருக்கும். நிலையம் நடக்குங்காறும் அம்முறை போதியதே. நிலையம் மூடப்பட்டுப் பதிவேடு பழந்தாட் கடைக்குச் சென்றபின், இலக்கம் யாரையும் சுட்டாது. அவ்விலக்கம் கரிமையினால் அழியாது எழுதப்பட்டிருந்தாலும் பயனில்லை. ஒருகால் கண்டியில் தங்கிய தம்பிக்கும், மண்டபத்தில் இறங்கிய அண்ணனுக்கும் பொதுவாய் எஞ்சிய ஒரே சான்று அந்நெகட்டிவாக இருக்கலாம்.

வீட்டிலே வைத்திருந்த நெகட்டிவுகளின் கதி வேறு. அங்கே பெயர் யாவர்க்கும் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தமையாலேயே எவரும் எழுதவில்லை. எழுதியோரும் கையிற் கிடைத்த பேனாவால் எழுதினர். குண்டசாலைக்குக் கிழக்கேயுள்ள பழைய தெல்தெனியா நகரம் விக்டோரியா நீர்த்தேக்கத்தின்பொருட்டு 1980களில் நீருள் மூழ்கிற்று. அந்நகரின் கடைவீதியை யாரேனும் ஒருவர் படம்பிடித்து வைத்திருப்பின், அதன் உறைமேல் ஊரின் பெயர் இல்லையேல், நீர் வற்றுங் காலத்தில் வெளிப்படும் இடிபாட்டைக்கொண்டு அதனை அடையாளம் காண்பது எங்ஙனம்?

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் ஓருண்மை பெறப்படும். நல்ல மையை உடையோர் பெயரை எழுதவில்லை. பெயரை அறிந்தோர் நல்ல மையை அறியவில்லை. நம் நெகட்டிவுகள் பெயரிழந்தமைக்கு இவ்விரண்டும் பிரிந்து நின்றமையே காரணம். இரண்டையும் ஒருங்கு கூட்டுவது இனி நம் கடமையாகும்.

செய்யத்தக்கன

முதலாவது, எழுதும் இடம். படத்தின்மேல் எழுதலாகாது. அகன்ற நெகட்டிவாயின் படமில்லாத ஓரத்தில், பளபளப்பான அடித்தளப் பக்கத்தில், சுருங்கிய குறிப்பொன்றை எழுதலாம். 35 மில்லிமீற்றர்ச் சுருளாயின் அதில் எழுதாது விட்டு உறையில் எழுதுவதே நன்று. சுருளின் ஓரத்தில் ஆக்கியோரே பொறித்த இலக்கங்களை உறைக்குறிப்பிற் குறித்தால் எப்படம் எதுவென்பது விளங்கும். பழைய கண்ணாடித் தட்டில் எதனையும் புதிதாக எழுதலாகாது.

இரண்டாவது, எழுதுகோல். நெகட்டிவின் ஓரத்துக்குக் கரிமை அல்லது நிறத்தூள் மை நிறைந்த நுண்முனைப் பேனாவே தக்கது. தாளுறைக்கு மென்மையான பென்சில் எல்லாவற்றினும் சிறந்தது. பென்சிலின் கருமையும் கரியே. அது கரைவதுமில்லை, ஊறுவதுமில்லை. மெழுகுப் பென்சில், ஊற்றுப்பேனா, குமிழ்முனைப் பேனா, கடுமணமுள்ள மார்க்கர் ஆகியவற்றை விலக்குக. பசைத்தாள் ஒட்டுவதையும் இறப்பர் வளையம் இடுவதையும் அவற்றோடு விலக்குக. பசை ஊறும், இறப்பரிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கெடுக்கும்.

மூன்றாவது, எழுதும் முறை. உறையில் முதலில் எழுதி, எழுதியபின் நெகட்டிவை உள்ளே இடுக. நெகட்டிவில் எழுதினால் மை நன்கு உலரும்வரை அடுக்கலாகாது. புதிய பேனாவை வாங்கினால், சுருளின் தொடக்கத்திலுள்ள வெறும் துண்டில் எழுதி ஒருநாள் கழித்து ஈரவிரலால் தேய்த்துப் பார்க்க. பேனாவின் விளம்பரத்தை நம்புவதினும் இச்சோதனையை நம்புவது மேல்.

நான்காவது, எழுதும் பொருள். இதுவே முதன்மையானது. படத்திலுள்ளோர் பெயரை இடமிருந்து வலமாக எழுதுக. ஊரும் தோட்டமும் பிரிவும் எழுதுக. ஆண்டு திட்டமாகத் தெரியாவிடின் ஏறத்தாழ என்று குறித்து எழுதுக. பெயர்களைச் சொன்னவர் யாரென்பதையும் எழுதுக. பெரியப்பா, சின்னம்மா என்னும் முறைப்பெயர் மட்டும் போதாது; யாருக்குப் பெரியப்பா என்பது மறுதலைமுறைக்கு விளங்காது. பின்னர் இவற்றையெல்லாம் ஒரு குறிப்பேட்டிற் பெயர்த்தெழுதி, நெகட்டிவுகள் இருக்கும் பெட்டியில் வையாது வேறிடத்தில் வைக்க. பதிவேடும் நெகட்டிவும் பிரிந்தமையால் விளைந்த கேட்டை மேலே கண்டோம். பெயர் இரண்டிடத்தில் இருப்பின் ஒன்று அழிந்தாலும் மற்றொன்று நிற்கும்.

முடிவுரை

நெகட்டிவில் எழுதும் பேனாவைத் தெரிந்தெடுத்தல் அற்பமான செயலாகத் தோன்றலாம். நரேந்திரசிங்கனின் மாளிகையைப் பற்றி நாம் அறிவன எல்லாம் எவரோ ஒருவர் எழுத்தாணியையும் கரியையும் கொண்டு பொறுமையோடு எழுதி வைத்தமையால் வந்தனவே. அரசர்க்கு ஏடெழுதுவோர் இருந்தனர். தேயிலை கொய்த நம் பாட்டிமாருக்கு எழுதுவோர் இருந்திலர். ஆயின் அவர்தம் முகங்களை ஒளியும் வெள்ளியும் எழுதி வைத்துள்ளன. எஞ்சியது பெயர் ஒன்றே.

அப்பெயர்களை அறிந்த முதியோர் இன்னும் நம் இல்லங்களில் உளர். கல்லூரி விடுமுறையில் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுப் பெட்டியைத் திறந்து, நெகட்டிவுகளைச் சன்னலின் வெளிச்சத்திற் பிடித்து, பாட்டனாரையோ பாட்டியாரையோ அருகிருத்தி, இவர் யார், அவர் யார் என வினவி, மென்பென்சிலால் உறையில் எழுதிவைப்பாராயின், அஃது எந்த வரலாற்றாசிரியராலும் பின்னர் செய்ய இயலாத பணியாகும். இப்பணிக்கு ஒரு பென்சிலும் ஒரு பிற்பகலும் போதும். முதியோர் நினைவு மங்குமுன் செய்தல் வேண்டும்.